பால்புதுமையினர் சமூக மையத்தை நன்கொடையிலும் தன்னார்வலர்களைக் கொண்டும் நடத்துவது: கோலாலம்பூருக்கான முழுமையான வழிகாட்டி

பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோருக்கான) ஒரு சிறிய மையம் மூடப்பட்டால் ‘காசு போதவில்லை’ என்றுதான் காரணம் சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வேறொன்று தெரியும். முதலில் இடம் பிடித்திருப்பார்கள், அடுத்து திறப்பு விழா, அதற்கடுத்து ஆள் தேடல், கடைசியில்தான் மாத வருமானம். இங்கே சொல்லப்படும் வரிசை நேர் எதிரானது: சட்ட நிலை, கணக்கு, மாத நன்கொடை, ஆட்கள். சாவி வாங்குவது அதற்குப் பிறகு.

மனத்தில் வைத்திருக்கும் அளவு இது: பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், சௌகிட் போன்ற ஒரு பகுதியில் கடைவீட்டின் ஒரு மாடி. வாரத்தில் நான்கு மாலை, மும்மூன்று மணி நேரம். வருபவர்கள் உட்காரலாம், பேசலாம், சாப்பிடலாம், ஒரு கடிதம் நிரப்ப உதவி கேட்கலாம். இரவு தங்கவைப்பது முற்றிலும் வேறு வேலை. அதை முதல் ஆண்டில் தொடாதீர்கள்.

1. சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் குதவழி, வாய்வழி உடலுறவுச் செயலைக் குற்றமாக்குகின்றன. இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். ஓர் அறையில் கூடி உட்கார்ந்து பேசுவதையோ ஆலோசனை கேட்பதையோ அந்தப் பிரிவுகள் தொடவில்லை.

முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் ஷரியா சட்டமும் உண்டு. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒழுக்கக்கேடான நோக்கத்தோடு பொது இடத்தில் பெண் உடை அணியும் ஆணை அதன் 28ஆம் பிரிவு குறிவைக்கிறது. இதனால் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஆபத்து ஒரே அளவில் இல்லை. தமிழ்த் தன்னார்வலர்கள் அதிகமுள்ள குழு இதை எளிதில் மறந்துவிடும். முஸ்லிம் தன்னார்வலர் வாசலில் நிற்பதா, உள்ளே வேலை செய்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பதிவுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு மணி நேரம் செலவழியுங்கள். உங்கள் நடவடிக்கைப் பட்டியலை எழுதி எடுத்துப் போங்கள். ‘நாங்கள் என்ன செய்யலாம்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

2. எந்தப் பெயரில் நடத்துவது

ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அமைப்பாக இயங்கினால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு தேவை. ஒழுக்கத்துக்கோ பொது ஒழுங்குக்கோ ஒவ்வாதது என்று பதிவாளர் கருதினால் மறுக்கலாம். விண்ணப்பத்தில் நோக்கத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பது இதனால் முக்கியமாகிறது. பதிவே இல்லாமல் ‘செயலவை’, ‘உறுப்பினர்’ என்றெல்லாம் தாள் அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். சட்டவிரோதச் சங்கம் என்ற சிக்கலை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது வழி, உத்தரவாத வரம்புடைய நிறுவனமாக எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிவது. செலவு கூடுதல், நிறுவனச் செயலாளர் வேண்டும், கணக்காய்வு வேண்டும்.

புதியவர்களுக்கு மூன்றாவது வழிதான் சரி: ஏற்கெனவே பதிவுபெற்ற சுகாதார அல்லது சமூக அமைப்பின் கீழ் ஒரு திட்டமாக இயங்குவது. வங்கிக் கணக்கும் இரசீதும் அவர்களுடையவை. கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: நிர்வாகத்துக்கு எத்தனை விழுக்காடு பிடிப்பார்கள், உங்கள் பணத்துக்குத் தனிப் பேரேடு உண்டா, செலவுக்கு ஒப்புதல் எத்தனை நாளில் வரும், பிரிந்தால் மீதிப் பணம் யாருக்கு. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சண்டை அங்கேதான் வரும்.

எந்த நிலையிலும் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் நன்கொடை வாங்காதீர்கள். ‘இப்போதைக்கு என் கணக்கில் போடட்டுமே’ என்று நல்ல மனத்தோடுதான் ஆரம்பிக்கும். அவர் வேலை மாறிப் போனாலோ, நோயில் விழுந்தாலோ, வருமான வரி வாரியம் அவரிடம் விளக்கம் கேட்டாலோ மையத்தின் மொத்தப் பணமும் அவரோடு மாட்டிக்கொள்ளும்.

3. மாதச் செலவைத் தாளில் எழுதுங்கள்

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் இடத்துக்கு ஏற்ப எண்களை மாற்றுங்கள், செலவு இனங்களை மட்டும் நீக்காதீர்கள்.

வாடகை 2,200 ரிங்கிட். மின்சாரம் 380. தண்ணீர் 30. இணையம் 140. துப்புரவு 250. மைலோ, காப்பித்தூள், பிஸ்கட், கழிவறைத் தாள், சவர்க்காரம் எல்லாம் சேர்த்து 250. கைப்பேசி எண் 50. அவசர உதவி 500. மொத்தம் 3,800.

அவசர உதவி வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் என்ன நடக்கும்? வீட்டிலிருந்து துரத்தப்பட்டு ஒரு பையோடு வந்தவருக்கு கிராப் வாடகைக்கார் காசும் இரவுச் சாப்பாடும் தன்னார்வலர் தன் பையிலிருந்து கொடுப்பார். மூன்று முறை கொடுத்த பிறகு அந்தத் தன்னார்வலர் வரமாட்டார்.

இதோடு பத்தில் ஒரு பங்கை, அதாவது 380 ரிங்கிட்டை, சேமிப்புக்கு ஒதுக்குங்கள். ஏர்கான் பழுது, பூட்டு மாற்றம் எல்லாம் இதிலிருந்துதான். ஆக மாத இலக்கு 4,180.

கதவு திறக்கும் முன் கையில் இருக்க வேண்டிய தொகை தனி. வாடகை முன்பணம் இங்கே வழக்கமாக இரண்டு மாதம், தண்ணீர்-மின்சார முன்பணம் அரை மாதம், முதல் மாத வாடகை ஒன்று: மூன்றரை மாதம், 7,700 ரிங்கிட். மூன்று மாதச் செலவு 11,400. கூட்டினால் 19,100. மேசை நாற்காலியை இதில் சேர்க்கவில்லை. அவை இரவலாகக் கிடைக்கும், வாடகை கிடைக்காது.

சம்பளத்துக்கு ஆள் வைக்கும் யோசனை இருந்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் முதலாளி பங்கு சேமநிதி 13 விழுக்காடு, 221 ரிங்கிட், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) என்பதும் உண்டு. ‘அலவன்ஸ்’ என்று பெயர் வைத்து மாதாமாதம் ஒரே தொகை கொடுத்து, நேரமும் நீங்களே குறித்துக் கொடுத்தால் அது சம்பளம்தான். பெயரால் தப்ப முடியாது.

4. மாத நன்கொடையாளர்களைத் திரட்டுங்கள்

பெரிய தொகை ஒன்று தருபவரைத் தேடி ஆறு மாதம் அலைவதைவிட, மாதம் 30 வெள்ளி (ரிங்கிட்) தருபவர்கள் அறுபது பேரைத் தேடுங்கள். 60 பேர் 30 ரிங்கிட், 25 பேர் 50 ரிங்கிட், 8 பேர் 100 ரிங்கிட் தந்தால் 3,850 வருகிறது. மீதி 330ஐ மாதம் ஒரு சிறு நிகழ்ச்சி ஈடுகட்டும். இந்த 93 பேரில் ஐந்து பேர் விலகினாலும் விளக்கு அணையாது. ஒரே புரவலர் விலகினால் அணைந்துவிடும்.

கேட்கும் விதத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ‘முடிந்ததைக் கொடுங்க’ என்பது. முடிந்தது எவ்வளவு என்று யோசிப்பதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மற்றொன்று, சோகக் கதை சொல்லிக் கேட்பது. ஒருமுறை கொடுப்பார், மறுபடி உங்களைப் பார்த்தால் ஒதுங்குவார். ‘மாசம் 30 வெள்ளி கொடுத்தீங்கன்னா ஒரு சாயங்காலத்துக்கு டீயும் பிஸ்கட்டும் ஆகும். ஒரு வருஷத்துக்கு வைக்கலாமா, அக்கா?’ தொகை, காலம், அது எங்கே போகிறது என்பது மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும்.

அவர் சம்மதித்த நிமிடமே வங்கிச் செயலியைத் திறந்து தொடர் பரிமாற்றத்தைப் போட வையுங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் போடுறேன்’ என்பவர்களில் பலர் போடுவதில்லை. சம்பளம் விழும் தேதிக்கு அடுத்த நாளைக் குறியுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும். செயலி பெரும்பாலும் முடிவுத் தேதி கேட்கும். ஓராண்டு என்று போட்டவருடைய நன்கொடை பதின்மூன்றாம் மாதம் சத்தமில்லாமல் நின்றுபோகும், அவருக்கே தெரியாது. ஒவ்வொருவருக்கும் முடிவு மாதத்தைக் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்னதாகவே பேசுங்கள்.

பணம் அனுப்பும்போது பெறுநர் பெயர் திரையில் தெரியும், வங்கி அறிக்கையிலும் வரும். அப்பா அம்மாவோடு கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் 24 வயதுப் பெண்ணை இது காட்டிக்கொடுத்துவிடும். கணக்கின் பெயர் சாதாரணமாக இருக்கட்டும். குறிப்புக் கட்டத்தில் ‘டி041’ போல அவருடைய எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். டூயிட்நவ் (உடனடி வங்கிப் பரிமாற்ற) க்யூஆர் அட்டையை அச்சடிக்கும் முன் நீங்களே ஒரு ரிங்கிட் அனுப்பி, எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

ரொக்கம் வந்தால் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் திரும்ப எண்ணி எழுத, இருவரும் கையெழுத்திட்டு உறையை ஒட்ட வேண்டும். மறுநாளே வங்கியில் போடுங்கள். உண்டியலில் வந்த பணத்திலிருந்து நேராக ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு ‘பிறகு எழுதலாம்’ என்று விட்ட இடங்களில்தான் பொருளாளர் மேல் பழி விழுகிறது. அவர் ஒரு சென்னும் எடுத்திருக்க மாட்டார்.

தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947ஆம் ஆண்டின் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். இந்த மையத்துக்கு அந்த வழி தேவையே இல்லை.

இரசீதில் ‘வரிக்கழிவு உண்டு’ என்று எழுதாதீர்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். உங்களைத் தாங்கும் அமைப்புக்கு அது இருந்தால் அவர்கள் இரசீதே செல்லும். இல்லையென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரித் தாக்கல் நேரத்தில் தெரியவந்தால் உறவே முறியும்.

பழைய துணி, பழைய கணினி, காலாவதியான மருந்து எல்லாம் வரும். ‘இந்த மாதம் வேண்டியவை’ என்று ஐந்து பொருள்களின் பட்டியலை வைத்து, மற்றதை மரியாதையாக மறுங்கள். மறுக்கத் தயங்கிய மையங்களில் ஆலோசனை அறை துணிமூட்டைக் கிடங்காகிவிடுகிறது.

5. பட்டியலை இரண்டாகப் பிரித்து வையுங்கள்

ஒரு கோப்பில் எண்ணும் தொகையும் மட்டும்: டி041, 30 ரிங்கிட், முடிவு மாதம். இதைப் பொருளாளரும் உதவியாளரும் பார்க்கலாம். மற்றொன்றில் எண்ணும் பெயரும் தொலைபேசியும். கடவுச்சொல் போட்டு, இரண்டு பேர் கையில் மட்டும். வருகையாளர் பதிவேட்டில் முழுப் பெயரோ அடையாள அட்டை எண்ணோ வேண்டவே வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள், என்ன தேவைக்கு என்பது போதும். யாரும் பறித்துப் போனாலும் அதில் ஒன்றும் இருக்கக்கூடாது.

வாட்ஸ்அப் குழுதான் பெரிய ஓட்டை. குழுவில் சேர்த்த நொடியே எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரிந்துவிடும். அறிவிப்புக்கு ஒருவழிப் பரப்பல் பட்டியல் வையுங்கள்.

6. எத்தனை தன்னார்வலர் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

வாரம் நான்கு மாலை என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 17 மாலை. ஒவ்வொரு மாலையும் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் தனியாகக் கதவைத் திறக்கவே கூடாது. 34 முறை ஆகிறது. ஒருவருக்கு மாதம் இரண்டு முறைக்கு மேல் கொடுக்காவிட்டால் 17 பேர் தேவை. நோய், தேர்வு, வெளியூர் வேலை என்று எப்போதும் சிலர் குறைவார்கள், ஆகவே 22 பேர் பட்டியலில் இருந்தபின் கதவைத் திறங்கள். பத்துப் பேர்தான் இருக்கிறார்களா? வாரம் இரண்டு மாலை போதும். வாரம் ஐந்து நாள் என்று அறிவித்துவிட்டு மூன்று நாள் பூட்டிக் கிடப்பதைவிட அது மேல். பஸ் பிடித்து ரவாங்கிலிருந்து வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி வரமாட்டார்.

சுறுசுறுப்பான இரண்டு பேர் மாதம் எட்டு முறை வரத் தயாராக இருப்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காம் மாதம் இருவரும் ஒரே வாரத்தில் களைத்து விழுவார்கள்.

போக்குவரத்துச் செலவைத் திருப்பிக் கொடுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் வருபவருக்கு மாதம் 50 ரிங்கிட் மை50 பாஸ் போதும். இதைக் கொடுக்காவிட்டால் காரும் நல்ல சம்பளமும் உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள், வருகிறவர்களின் நிலை அவர்களுக்குப் புரியாது.

7. சேர்க்கும் முறை

முதல் சந்திப்பு மையத்துக்கு வெளியே, ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) நடக்கட்டும். மையத்தின் முகவரி அதற்குப் பிறகுதான். ஏன் வர விரும்புகிறார் என்று கேளுங்கள். ‘இவங்களை எல்லாம் திருத்தணும்’ என்பவரும், ‘இவங்களை எல்லாம் காப்பாத்தணும்’ என்பவரும் ஒரே அளவு ஆபத்து. நல்ல அறிகுறி: ‘பாத்திரம் கழுவுறதுன்னாலும் சரி’ என்பவர்.

அடுத்து இரண்டு மாலை பழைய தன்னார்வலரோடு நிழலாக நிற்கட்டும். பேசாமல் பார்க்க வேண்டும். அதன் பிறகே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து. எந்த நிலையிலும் மையத்துக்குள் படம் எடுப்பதில்லை என்பது அதில் முதல் வரி.

தமிழ்த் தன்னார்வலர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் செந்தூல்காரரும் கிள்ளான்காரரும் எப்படியாவது உறவாகிவிடுவார்கள். வாசலில் தமிழ் முகத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர் ஒருவர், அதையே பார்த்துத் திரும்பி நடப்பவர் இன்னொருவர். ஆகவே முதல் கேள்வி ‘தமிழ்ல பேசலாமா, மலாய்ல பேசலாமா?’ என்றுதான் இருக்க வேண்டும். ‘எந்த ஊரு, அப்பா பேர் என்ன?’ என்ற நம் வழக்கமான விசாரிப்பு இங்கே தடை.

‘அண்ணே’, ‘அக்கா’ என்று வாய் தானாக ஓடும். திருநம்பியை ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்கு இரட்டைத் தொல்லை. ‘என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்டு, அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். தவறிவிட்டால் ஒரு சொல்லில் திருத்திக்கொண்டு மேலே போங்கள்.

8. இடம் பார்ப்பது

இப்போதுதான் இடம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், வெளிச்சமுள்ள படிக்கட்டு, இரண்டு வெளிவாசல். கீழே இரவில் திறந்திருக்கும் கடை இருந்தால் நல்லது, ஏறிப்போகிறவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். படியேற முடியாதவரை எங்கே சந்திப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

பயன்பாடு பற்றி வீட்டுக்காரரிடம் பொய் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியதாகக் காட்டி வெளியேற்ற அது போதும். ‘ஆலோசனையும் சமூகப் பயிற்சியும் நடக்கும் இடம்’ என்பது உண்மை, அதை எழுத்தில் சேருங்கள். ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிப் பதியுங்கள். பெயர்ப் பலகை வைக்க மாநகர மன்ற அனுமதியும் மலாய் மொழியும் வேண்டும். பலகை இல்லாமலே நடத்துங்கள்.

9. ஒரு மாலை எப்படி ஓட வேண்டும்

5.30: இரண்டு பேரும் வந்து, கழிவறை, ஜன்னல், முதலுதவிப் பெட்டி பார்த்து, தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள். 6.00: கதவு. ஒருவர் வாசலுக்கு அருகில், மற்றவர் உள்ளே. யாராவது தனியாகப் பேச வேண்டும் என்றால் உள்ளே இருப்பவர் போவார். அறைக் கதவு பாதி திறந்தே இருக்கும். 8.45: ‘இன்னும் கால் மணி நேரம்’ என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தால், மனம் திறந்து பேச ஆரம்பித்தவர் பாதியில் தெருவில் நிற்பார். 9.15: குறிப்பேட்டில் மூன்று வரி, ரொக்க உறை, பூட்டு. இரண்டு பேரும் சேர்ந்தே இறங்க வேண்டும்.

தன்னார்வலர் மனநல மருத்துவர் அல்லர். தற்கொலை எண்ணம் தெரிந்தால் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி, வன்முறைக்கு அரசின் தாலியான் காசே 15999, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு பிடி ஃபவுண்டேஷன், தங்க இடமில்லாத திருநங்கைக்கு சௌகிட்டில் உள்ள சீட் அமைப்பு. எண்களைச் சுவரில் ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள்.

10. பண்டிகை மாதங்கள்

தீபாவளி வாரத்தில் தமிழ்த் தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குப் போக முடியாதவர்கள் அதே வாரத்தில்தான் மையத்துக்கு வருவார்கள். ஹரிராயா (நோன்புப் பெருநாள்), சீனப் புத்தாண்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஆண்டுத் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள்: தீபாவளிக்குச் சீன, மலாய் நண்பர்கள், ராயாவுக்குத் தமிழர்கள். அன்று சாப்பாட்டுக்குத் தனியாக 150 ரிங்கிட் ஒதுக்குங்கள். முறுக்கு மட்டும் போதாது, சுடச்சுடச் சோறு வேண்டும். நோன்பு மாதத்தில் நேரத்தை நோன்புத் திறப்புக்குப் பின் தள்ளுங்கள்.

11. அதிகாரிகள் கதவைத் தட்டினால்

பேசுவது ஒருவர் மட்டும். பெயர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதிகார அட்டையைக் கேளுங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தடுக்கவோ தள்ளவோ வேண்டாம். கைதானால், காரணத்தை அறியவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) உரிமை தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ உறவினரையும் அழைக்க விடுகிறது. வழக்கறிஞரின் எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் மனப்பாடமாகவோ தாளிலோ வைத்திருங்கள், கைப்பேசி முதலில் போகும்.

12. மாதக் கணக்கும் கைமாற்றமும்

ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் கணக்கை முடித்து, நன்கொடையாளர்களுக்கு அரைப் பக்கம் அனுப்புங்கள்: வந்தது, போனது, மீதி, எத்தனை மாலை திறந்தோம். இரண்டு மாலை திறக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வருகிறவர்களைப் பற்றிய கதை எதுவும் வேண்டாம், பெயர் மாற்றி எழுதினாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே, அதாவது 7,600க்குக் கீழே, இறங்கிய மாதமே திறக்கும் நாளைக் குறையுங்கள். ‘அடுத்த மாசம் சரியாயிடும்’ என்று பொறுத்தால் முன்பணத்தையும் இழப்பீர்கள்.

யாராவது விலகினால் அன்றே செய்ய வேண்டியவை: சாவி வாங்குதல், கடவுச்சொல் மாற்றுதல், வங்கிக் கையெழுத்து நீக்கத் தீர்மானம். வங்கி அதற்கு வாரங்கள் எடுக்கும். ஆகவே கையெழுத்திடுபவர்கள் மூன்று பேர், எந்த இருவர் இட்டாலும் செல்லும் என்று கணக்குத் திறக்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். கதவுப் பூட்டின் உருளையை மாற்ற ஏறக்குறைய 80 ரிங்கிட் ஒதுக்கி வைத்தால் போதும். அதைச் சேமிப்புக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து எடுங்கள்.